நாச்சிக்கு ஒரு வீடு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நமக்கு முன் பேசிய அன்பர் சிலப்பதிகாரத்தைப் பற்றி அழகுறப் பேசி அமர்ந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக ரசீது எழுதிவரும் நாம், அவரைத் தொடர்ந்து ஒரு நாயைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் செயலாளர் அவர்கள் இதையே பேசும்படி பணித்தார்கள். அந்த நாயின் பொருட்டு நம் காலனியில் மாதக்கணக்கில் நடந்த வாதப் பிரதிவாதங்கள் அவர் செவிக்கும் எட்டியிருந்தன போலும்!

மைசூரு புகைவண்டி நிலையத்தில், நடைமேடையின் கோடியில், பழுதாகி ஒதுக்கிவைத்த தள்ளுவண்டியின் அடியில் ஒரு பெட்டை நாய் வாழ்ந்து வந்தது. செம்மண் நிறம். காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை அறுவை முடிந்தது என்பதற்கு அஃதே அடையாளம். குரைத்து நாம் கேட்டதில்லை. பிஸ்கட்டை வைத்துவிட்டு நாம் முதுகைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்த பின்னரே அது வெளியே வந்து தின்னும். சுமைதூக்கும் தோழர்கள் அதை 'நாச்சி' என்று அழைத்தனர். கன்னடத்தில் 'நாச்சிகெ' என்றால் வெட்கம். நம் வீட்டாரோ, நாச்சியார் என்னும் நம் சொல்லை எண்ணிக்கொண்டு, தெருநாய்க்கு எவ்வளவு பெருமையான பெயர் என்று வியந்தனர். இரு பொருளும் அதற்குப் பொருந்தவே செய்தன.

2025ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் ஆகியவற்றில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் வைக்க வேண்டும்; பிடித்த இடத்தில் திரும்ப விடலாகாது என்பது அதன் சாரம். அதுவரை, 2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளின்படி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவதுதான் முறையாக இருந்தது. ஆணையோடு நமக்குப் பிணக்கில்லை. வெறிநாய்க்கடி நோய் குறி காட்டிய பிறகு, அதற்கு மருந்து இல்லை என்றே சொல்லவேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் நாய்கள் கூட்டமாகத் திரிவதை எந்தத் தகப்பன் விரும்புவான்? ஆனால், நாச்சியின் கதி என்ன என்ற கவலை நம்மைப் பிடித்துக்கொண்டது. காப்பகத்துக்கு நாய் தேடி வருவோர், கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் நாயையே தேர்ந்தெடுப்பர். மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் நாயை யார் கேட்பார்?

ஆகவே, நாமே ஒரு வீடு தேட முற்பட்டோம். இங்கேதான் நாம் ஒரு பிழை செய்தோம். அதை மறைக்காமல் சொல்லவே இன்று வந்தோம்.

நம்மவருள் ஒரு குடும்பத்தினர் மனமுவந்து முன்வந்தனர். தோட்டத்துடன் கூடிய தனிவீடு, மூன்று குழந்தைகள், விருந்தோம்பலில் சிறந்தவர்கள். நாய் எப்படி என்று அவர்கள் கேட்டபோது, "சாது, ஒரு தொந்தரவும் இல்லை" என்றோம். அது மனிதர் கையை அறியாதது, உரத்த ஓசைக்கு நடுங்குவது என்பவற்றைச் சொல்லவில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்களே என்ற அச்சம். பெண்ணின் குறையை மறைத்துக் கல்யாணத்தை முடிக்கும் தரகனின் வேலையை நாமும் செய்தோம்.

அவர்கள் அன்புக்குக் குறை வைக்கவில்லை. வந்த அன்றே குளிப்பாட்டினர்; அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினர்; குழந்தைகள் மாற்றி மாற்றித் தடவினர். மூன்றாம் நாள் கார்த்திகை தீபம். தீபாவளியில் மிஞ்சிய வெடியைப் பிள்ளைகள் கொளுத்தினர். நாச்சி மதிலைத் தாண்டி இருளில் மறைந்தது. நான்கு நாள் தேடினோம். ஐந்தாம் நாள், சாமராஜபுரம் நிலையத்துக்கு அருகே, இருப்புப்பாதையை ஒட்டிய புதரில் பாதம் கிழிந்து கிடந்ததை ஒரு கேங்மேன் கண்டு நமக்குச் சொல்லியனுப்பினார். அது தண்டவாளத்தின் வாடையைப் பிடித்து நிலையத்தை நோக்கி வந்ததோ என்னவோ! அந்த வீட்டுக் கடைக்குட்டி, "மாமா, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று நம்மைக் கேட்டாள். தவறு உன்னுடையது அன்று, அம்மா, என்பதைத் தவிர வேறு விடை நம்மிடம் இல்லை.

நிற்க. பாதத்துக்குக் கட்டுப் போட்ட கால்நடை மருத்துவர் நமக்குச் சில செய்திகளைக் கூறினார். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதரோடு பழகும் பருவம். அப்போது கைபடாத நாய்க்குப் பின்னர் மனிதர் மேல் நம்பிக்கை வருவது கடினம். அது கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சோம்பல் அல்ல, அச்சத்தின் குறிகள். அவற்றை மதியாமல் நெருக்கினால் சாதுவும் கடிக்கும். அவர் சொன்னவற்றுள் நம் மனத்தில் நின்றது ரஷ்ய நாட்டுச் செய்தி ஒன்று. 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் வெள்ளம் புகுந்தபோது, அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளில் அகப்பட்டு, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டன. இயல்பிலேயே அஞ்சும் சுபாவமுள்ள சில நாய்கள் அதன்பின் கற்றவற்றை மறந்தன. அவற்றுள் ஒன்று, பழகிய ஆய்வாளர் அதே அறையில் உடன் இருந்தபோதே பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியதாம்.

நம் குவார்ட்டர்ஸின் பின்தாழ்வாரத்தில் நாச்சியை வைத்துக்கொண்டோம். நாமே வளர்க்கலாகாதா என்று பலர் கேட்டனர். இரவுப்பணி முடிந்து நள்ளிரவில் கதவு தட்டும் வீடு. இன்று மைசூரு, நாளை அரசிகெரே, மறுநாள் ஹூப்பள்ளி என்று மாற்றலாகும் பிழைப்பு. இப்படிப்பட்ட நாய்க்கு நம் வீடும் ஏற்றதன்று என்பதை ஒப்புக்கொள்ள நம் இல்லத்தரசியார்க்கே ஒரு வாரம் பிடித்தது.

பிறகு வந்தவர் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவர். தனியாக வாழ்பவர், வீட்டில் வயது முதிர்ந்த, நிதானமான நாய் ஒன்று உண்டு. இம்முறை குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தோம். படித்துவிட்டு அவர் கேட்டது, "எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அதற்குப் பயம் குறைவு?" என்பதே. ஐந்து மாலைகள் வந்து தாழ்வாரத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்தார். நாயின் பக்கம் திரும்பவும் இல்லை. நான்காம் நாள் தம் கிழநாயையும் அழைத்து வந்தார். ஐந்தாம் நாள் அந்தக் கிழநாயின் அருகே, அம்மையாரின் செருப்பில் மோவாயை வைத்துக்கொண்டு நாச்சி படுத்தது. நம் மகன் மூச்சுக்கூட விடவில்லை. "நிதானா, நிதானா" என்றார் அம்மையார். நமக்கு நிதானம் என்பது தடுமாறாத தன்மை. கன்னடத்தார்க்கு அது மெதுவாக என்று பொருள்.

தமிழர் வளர்த்த நாயைத் தமிழர்க்கே கொடுத்திருக்கலாம் என்று நம் காலனியில் ஒரு குறை எழுந்தது. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். பெங்களூருக்குப் போகும் வழியில் மத்தூர் உண்டல்லவா? அந்த வட்டாரத்தில் ஆதகூர் என்னும் ஊரில் கி.பி. 949–950ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று நின்றது. இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். நமக்குக் கசப்பான செய்திதான். அரக்கோணம் பக்கம் வேலை பார்த்தவர்கள் தக்கோலம் நிலையத்தை அறிவர். அப்போரில் வீரம் காட்டிய மணலேரனை, வேண்டியதைக் கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். அவன் பொன் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அது காட்டுப்பன்றியோடு பொருது மடிய, அதற்குக் கல் நாட்டி, வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். மன்னனும் அந்த நாயை, அதன் தன்மை அறிந்து கேட்டவனுக்கே கொடுத்தான்.

தைப்பொங்கல் கழிந்து நாச்சி புதுவீடு சென்றது. கழுத்தில் ஒன்றும் மார்பைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு வார்கள். வாயிற்கதவு பூட்டிய பிறகே வண்டியின் கதவு திறந்தது. ஒரே அறை, குளியல் இல்லை, பதினைந்து நாள் விருந்தினர் இல்லை. நாமும் போகவில்லை.

சென்ற ஞாயிறு போய்ப் பார்த்தோம். நம்மைக் கண்டதும் நாச்சி கிழநாயின் பின்னால் போய் நின்றுகொண்டது. நம் இல்லத்தரசியார்க்குச் சற்று மனவருத்தம். காபி குடித்து முடிக்கும் வரை அது அங்கிருந்தே நம்மைப் பார்த்தது. புறப்படும்போது வாலின் நுனி மட்டும் இருமுறை அசைந்தது.

காப்பகத்தில் இதே போன்ற கறுப்பு ஆண் நாய் ஒன்று இருக்கிறது. அது கூடையைக் கண்டால் அஞ்சும். மழைநாளில் இரவெல்லாம் முனகும். கைக்குப் பழக எத்தனை மாதமாகும் என்று சொல்வதற்கில்லை. கேட்க விரும்புவோர் தேநீர் இடைவேளையில் நம்மைக் காணலாம்.