எரிபொருள் அளவும் எஞ்சின் வலிமையும்



பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி, வடகரப்பதி என்னும் ஊராட்சி இருக்கிறது. கேரள மாநிலத்துள் அமைந்ததாயினும், அங்கே வீட்டிலும் தோப்பிலும் கடைத்தெருவிலும் பெரிதும் வழங்குவது தமிழே. வேலந்தாவளம், ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறை என்ற பெயர்களைக் கேட்டவுடன், மும்பையிலும் தில்லியிலும் வாழும் அவ்வட்டாரத்தாருக்குத் தென்னந்தோப்பும் மேல்காற்றும் நினைவுக்கு வரும். அந்த மேல்காற்றுக்கு இன்றைய பேச்சிலும் ஓர் இடம் உண்டு.

ஒரு காலத்தில் எல்லையைக் கடக்க மாட்டுவண்டியை நம்பியிருந்த ஊர்களில், இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. கல்லூரிக்கும் ஆலைக்கும் கோவைக்குச் செல்லும் இளைஞர் அதன்மேலேதான் போய்வருகிறார்கள். அவ்விளைஞர்களுள் ஒருவர், வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமையனாருக்குத் தொலைபேசியில், "அண்ணா, வண்டிக்கு டியூனர் போடோணும்; கொஞ்சம் பணம் போட்டு விடுங்க" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தமையனாருக்கு டியூனர் என்பது இன்னதென்று தெரியாது. கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் மனமில்லை. அவருக்குப் பயன்படுமாறு இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உள்ளிழுத்து வெளிவிடும் ஒரு பம்பு. உள்ளே வந்த காற்றில் அளவறிந்து பெட்ரோலைக் கலந்து கொளுத்தினால் வலிமை பிறக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்ச வலிமை வேண்டுமானால் பெட்ரோலைச் சற்றே மிகுதியாக்கி, 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கொடுப்பர். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறித் தடுமாறும். மிகுந்தால் புகையும் கரியும் வீண்செலவுமே மிஞ்சும். பழைய மெக்கானிக்குகள் இந்த அளவைக் கருவியின்றியே அறிந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார்கள். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் மிகுதி, இளம் பழுப்பாக இருந்தால் சரி. பின்பு எஞ்சினின் ஓசையைச் செவியால் அளந்து கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று திருப்புவார்கள்.

கோவை வட்டாரத்தில் இந்தக் கைத்திறனுக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பார்த்த கதையைக் கொங்கு நாட்டில் அறியாதார் இல்லை. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும் அவரே. வாங்கிய வண்டியை வாங்கியபடியே விடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆகவே டியூனர் கேட்கும் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

கார்புரேட்டருக்கு ஒரு குறை உண்டு. தன்னைச் சூழ்ந்த காற்றின் நிலை அதற்குத் தெரியாது. போடியிலிருந்து மூணாறுக்கு மலையேறுவோர் இதனை அனுபவத்தில் கண்டிருப்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துவிடும். காற்று குறைந்ததை உணராத கார்புரேட்டர் பெட்ரோலைத் தாராளமாகவே கொடுக்கும். எஞ்சின் திணறும், பிளக் கறுக்கும். இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் பழைய வண்டிகளை ஓட்டியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே எரிபொருளைப் பீச்சும் முறை. காற்றின் அழுத்தம், வெப்பம், த்ராட்டிலின் திறப்பு, எஞ்சினின் சுற்று, புகைப்போக்கியில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைத் தனித்தனி உணரிகள் அளந்து சொல்லும். இ.சி.யு. என்னும் மின்னணுப் பெட்டி அவற்றைக் கேட்டுக் கணக்கிட்டு, இன்ஜெக்டர் என்னும் நுண்குழாயைத் திறந்து மூடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் ஒற்றை ஸிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சினில் இது நொடிக்கு 50 தடவை நிகழ்கிறது. ஒவ்வொரு தடவையும் குழாய் திறந்திருப்பது நொடியின் ஆயிரத்தில் சில பங்கே. கவாஸாகி நிறுவனம் 1980ஆம் ஆண்டில் இம்முறையை விற்பனை மோட்டார் சைக்கிளில் கொணர்ந்தது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டா கிளாமர் வண்டியிலும், 2008ஆம் ஆண்டில் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தின் அப்பாச்சியிலும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலானவை இம்முறைக்கு மாறிவிட்டன. திருகைத் திருப்பும் மெக்கானிக்குக்குத் திருகே இல்லாமற்போயிற்று.

அந்தத் திருகுக்கு ஈடாக வந்ததுதான் டியூனர். இ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே இதனைப் பொருத்துகிறார்கள். 'இவ்வளவு நேரம் திற' என்று இ.சி.யு. இடும் கட்டளையை இது வழிமறித்து, சிறிது கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது. எந்தச் சுற்றில், எவ்வளவு த்ராட்டிலில், எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு போல் ஓர் அட்டவணையாக அதனுள் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனம் செய்யும் பவர் கமாண்டர் உலகெங்கும் பெயர் பெற்றது. நம் நாட்டில் பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் பவர்ட்ரானிக் என்ற பெயரில் ஒன்றைச் செய்கிறது. இவற்றுள் சில, பிளக்கில் பொறி விழும் நேரத்தையும் மாற்றவல்லவை.

இதில் மெய்யாகவே பயன் உண்டா? உண்டு, ஆனால் எங்கே உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகையைக் குறைப்பதற்காக உற்பத்தியாளர் பெட்ரோலைச் சிக்கனமாகவே அளக்கிறார். அதனால் சில வண்டிகளில், மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் விட்டுவிட்டு இழுப்பது போன்ற ஒரு குலுக்கல் தோன்றும். டியூனர் அதனை நன்றாகவே நீக்கும். காற்று வடிகட்டியையும் சைலன்ஸரையும் மாற்றி, எஞ்சினுள் மிகுதியான காற்று புக வழி செய்தவர்களுக்கு, அக்காற்றுக்கேற்ற பெட்ரோலைக் கொடுக்க ஏதேனும் ஓர் ஏற்பாடு வேண்டியதாகிறது. பந்தயக்காரருக்கு இது இன்றியமையாதது. வேறெதையும் மாற்றாத வண்டியிலோ, கிடைப்பது சில விழுக்காடுதான்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சீரான வேகத்தில் செல்லும்போது இ.சி.யு. ஆக்சிஜன் உணரியின் சொல்லைக் கேட்டுத் தன் அளவைத் தானே திருத்திக்கொள்கிறது. டியூனர் கூட்டிய பெட்ரோலை, 'இது மிகுதி' என்று உணரி சொல்ல, இ.சி.யு. குறைத்துவிடும். ஒருவர் உப்பைப் போட, மற்றொருவர் நீரை ஊற்றுவது போன்ற கதை! இதனைத் தவிர்க்கச் சில பெட்டிகள் உணரியின் சொல்லையே மாற்றி அனுப்புகின்றன. மற்றவை த்ராட்டிலை முழுக்கத் திறக்கும்போது மட்டுமே வேலை செய்கின்றன. வடகரப்பதியிலிருந்து கோவைக்கு நாள்தோறும் போய்வருபவர், த்ராட்டிலை முழுக்கத் திறக்கும் நேரம் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி மேல்காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே சீறிப் பாய்கிறது. காலையில் கோவைக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளும். மாலையில் திரும்பும்போது மார்பில் அறையும். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கமாக வளர்வது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வண்டி உணர்வது 80 கிலோமீட்டர் காற்றை. எதிர்ப்பு ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடுகிறது! டியூனரால் வலிமை 10 விழுக்காடு கூடிற்று என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். காற்றை வெல்ல வேண்டிய வலிமை, வேகத்தின் கனமாக வளர்வதால், உச்ச வேகத்தில் கிடைக்கும் மிகுதி மூன்று விழுக்காட்டளவே. மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடிய வண்டி 113 ஓடும். அந்த மூன்று கிலோமீட்டரை, சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு சற்றே முன்குனிந்து அமர்வதாலேயே பெற்றுவிடலாம். நாம் இதனை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை; பந்தயக்காரர்கள் டாங்கியின்மேல் படுத்துக்கொண்டு ஓட்டுவது இதற்காகத்தான்.

வண்டி முன்போல் இழுக்கவில்லை என்று தோன்றினால், டியூனரைத் தேடுமுன் பார்க்க வேண்டியவை பல. வடகரப்பதிப் பக்கம் மழை குறைவு, புழுதி மிகுதி. புழுதியேறிய காற்று வடிகட்டி எஞ்சினின் மூச்சையே அடைத்துவிடும். தளர்ந்த அல்லது இறுகிய சங்கிலியும், காற்றுக் குறைந்த டயரும், விடாமல் உரசும் பிரேக்கும் எஞ்சினின் வலிமையைச் சந்தடியில்லாமல் தின்றுகொண்டிருக்கும். தேய்ந்த பிளக், நாட்பட்ட ஆயில், அடைத்த இன்ஜெக்டர் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் சீர்செய்ய ஆகும் செலவு டியூனரின் விலையில் சிறு பங்கே.

பெட்ரோலும் மாறியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. ஆதலால் இக்கலவை எரிய 14.7 பங்கு காற்று வேண்டியதில்லை, ஏறத்தாழ 13.5 பங்கே போதும். அதே அளவு பீச்சினால் கலவை முன்பைவிடப் பெட்ரோல் குறைந்ததாகிவிடும். ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றலும் 6 முதல் 7 விழுக்காடு வரை குறைவு. வண்டியின் சொந்த இ.சி.யு. ஆக்சிஜன் உணரியைக் கொண்டு இவ்வேறுபாட்டைப் பெருமளவு சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் எத்தனால் குறைந்த பெட்ரோலுக்கென்று சில ஆண்டுகளுக்குமுன் எவரோ எழுதிய அட்டவணையை இணையத்தில் எடுத்து டியூனரில் ஏற்றினால், த்ராட்டில் முழுக்கத் திறந்த நிலையில் எஞ்சின் பட்டினி கிடக்கும். பட்டினியால் சூடும், சூட்டால் தட்டும் ஓசையும், ஓசைக்குப்பின் பிஸ்டனுக்குச் சேதமும் வரும். மறுபுறம், பெட்ரோலை அளவின்றிக் கூட்டினால், அது ஸிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். புகைப்போக்கியிலுள்ள வினையூக்கியும் பழுதாகும். வேக வரம்பை உயர்த்திவிடும் பெட்டிகள் வால்வுகளுக்கும் அவற்றின் சுருள்வில்களுக்கும் செய்யும் கொடுமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் டியூனர் வாங்கியே தீர வேண்டும் என்பவர், அதனை அளவறிந்து அமைப்பாரிடமே வண்டியைக் கொடுக்க வேண்டும். உருளையின்மேல் வண்டியை ஓட்டி வலிமையை அளக்கும் டைனோ என்னும் கருவியில் முதலில் வெறும் வண்டியை அளந்து, பின்பு டியூனருடன் அளந்து, இரண்டு கோடுகளையும் தாளில் பெற்றுக்கொள்ளலாம். 'போட்டதும் பறக்கிறது' என்ற வாய்மொழிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. அதிகச் சத்தம் கேட்டால் அதிக வேகம் போகிறோம் என்று நம் செவி நம்மை ஏமாற்றுவது இயல்பு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பெட்டியைவிட, உடன் மாட்டிய உரத்த சைலன்ஸரே முதலில் அகப்படும் என்பது வேறு. உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் பழுதுபட்டால் பொறுப்பு நம் தலையில் விழும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டாரும் கேள்வி கேட்க இடமுண்டு.

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞருக்கு அதற்கென்றே ஓர் இடம் அவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவர்தன் அவர்களின் பெயரால், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003ஆம் ஆண்டு முதல் பந்தய ஓடுகளம் ஒன்று உள்ளது. எதிரே தேங்காய் லாரியோ பள்ளிப் பிள்ளையோ வராத அத்தகைய களத்தில்தான் த்ராட்டிலை முழுக்கத் திறந்து டியூனரின் பயனைக் காண முடியும்.

கடைசியாக, வெளி மாநிலங்களுக்கு வண்டியைக் கொண்டு செல்லும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வண்டியை வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது விதி. அப்போது வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டும்படி நேரலாம். ஆகவே, கழற்றிய மூலப் பாகங்களை எறிந்துவிடாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. தொழிற்சாலை சைலன்ஸரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பின்பு அதையே பல மடங்கு விலைக்குத் தேடி அலைந்தோர் பலர்.