இண்டியானாபொலிஸ் பந்தயம் கடல் கடக்கலாமா?



மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டில் இரவு பத்து மணி கடந்த நேரம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலோ நண்பகல். அங்கே இண்டியானாபொலிஸ் நகரில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் சூழ்ந்திருக்க, 33 கார்கள் மும்மூன்றாகப் பதினொரு வரிசைகளில் புறப்படுகின்றன. இரண்டரை மைல் நீளமுள்ள வட்டப் பாதையை 200 முறை சுற்றி, 500 மைல் தூரத்தை முதலில் கடப்பவர் வெற்றி வீரர். வென்றவர் களத்திலேயே ஒரு குப்பிப் பாலை அருந்துவது அங்கு நெடுங்கால வழக்கம்.

இப்பந்தயத்தில் ஓடும் கார் நாம் தெருவில் காணும் கார் அன்று. அதில் ஒருவருக்குத்தான் இடம். நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே, மேல்மூடி ஏதுமின்றித் திறந்தே சுழலும். இத்தகைய கார்களுக்கென அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு பந்தயத் தொடர் நடக்கிறது. 500 மைல் பந்தயம் அதற்கு மகுடம். 2025-ஆம் ஆண்டுத் தொடரில் 17 பந்தயங்கள் இருந்தன. அவற்றுள் 16 அமெரிக்க மண்ணிலேயே நடந்தன. ஒன்று மட்டும் அண்டை நாடான கனடாவின் டொராண்டோ நகரில் நடந்தது. ஓட்டுபவர்களோ பல தேசத்தார். அவ்வாண்டு 500 மைல் பந்தயத்தையும் தொடரின் பட்டத்தையும் ஒருங்கே வென்ற அலெக்ஸ் பலோ ஸ்பெயின் நாட்டவர். அவருடைய நாட்டில் இத்தொடரின் பந்தயம் ஒன்றுகூட நடந்ததில்லை.

இவ்விடத்தில்தான் ரசிகர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று பிறக்கிறது. இத்தொடர் கடல் கடந்து செல்ல வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்போர் சொல்வது இது: "ஆகஸ்டு முடிவில் தொடர் ஓய்ந்தால் மறு மார்ச்சு வரை ஏறத்தாழ ஆறு மாதம் களம் வெறிச்சோடிக் கிடக்கிறது. நம் வட மாநிலங்கள் பனியில் உறைந்திருக்கும் அம்மாதங்களில் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோடை. அங்கே போய் ஓடினால் என்ன? ஓட்டுநர்கள் உலகத்தவராயிருக்க, ஓட்டம் மட்டும் ஏன் ஒரு நாட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும்?"

வேண்டாம் என்போர் மறுமொழி இது: "காரையும் கருவிகளையும் பணியாளரையும் கடல் கடத்தும் செலவை யார் ஏற்பது? குழுக்களுக்குப் பணம் தரும் வணிகர்கள் அமெரிக்காவில் பொருள் விற்பவர்கள். ஜப்பானில் பட்டப்பகலில் ஓடினால் அமெரிக்கர் நள்ளிரவில் விழித்திருந்து பார்க்க வேண்டும். உள்நாட்டிலேயே கூட்டம் குறைந்த களங்கள் பல. வீட்டுக் கூரையைச் சரிசெய்யாமல் வெளியூரில் பந்தல் போடுவதா?"

இரு சாராரும் அறிந்தே பேசுகின்றனர். தீர்ப்புக்கு நாம் வரலாற்றைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஏனெனில் இது புதிய யோசனை அன்று. கடல் கடப்பதை இவர்கள் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள்.

இண்டியானாபொலிஸ் களம் 1909-இல் அமைந்தது. முதலில் போட்ட தளம் பந்தயத்தைத் தாங்காமற்போகவே, அவ்வாண்டிலேயே 32 லட்சம் செங்கற்களைப் பாவினார்கள். இன்று அவற்றுள் எல்லைக்கோட்டில் மூன்றடி அகலப் பட்டை மட்டுமே வெளியே தெரிகிறது. முதல் 500 மைல் பந்தயத்தை 1911-இல் ரே ஹாரூன் என்னும் அமெரிக்கர் வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1913-இல், பிரான்சிலிருந்து பெஜோ காருடன் வந்த ஜூல் கூ என்பவர் வெற்றியைத் தட்டிச் சென்றார். ஆக, வெளிநாட்டார் இக்களத்துக்கு வருவது தொடக்க முதலே உண்டு. 1950 முதல் 1960 வரை இப்பந்தயம் உலக ஓட்டுநர் பட்டத்துக்கான போட்டிகளுள் ஒன்றாகவே கணக்கிடப்பட்டது. எனினும் ஐரோப்பியர் அதை ஏட்டளவில்தான் ஏற்றனர். 1952-இல் ஆல்பர்ட்டோ அஸ்காரி ஃபெராரி காருடன் வந்தார். சக்கரம் பழுதாகிப் பாதியில் விலகினார். ஏட்டில் எழுதியதால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது என்பதற்கு இது முதற்சான்று.

1957-இல் அமெரிக்கர்களே கடல் கடந்தனர். இத்தாலியின் மொன்ஸா நகரில் சரிவான மதில்போல் உயர்ந்த வளைவுகளையுடைய ஒரு வட்டப் பாதை உண்டு. அங்கே இரு உலகங்களின் பந்தயம் என்ற பெயரில் போட்டி நடந்தது. ஐரோப்பிய ஓட்டுநர் பெரும்பாலோர் இப்பாதை ஆபத்தானது என்று சொல்லி விலகி நின்றனர். ஸ்காட்லாந்துக் குழு ஒன்றின் மூன்று ஜாகுவார் கார்கள் மட்டுமே எதிர்நின்றன. மணிக்குச் சராசரி 160 மைல் வேகத்தில் ஓடி அமெரிக்கரான ஜிம்மி பிரையன் வென்றார். மறு ஆண்டு ஃபெராரி வந்தது. ஸ்டர்லிங் மாஸ் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியின் பணத்தில் அமைந்த மஸராட்டி காரில் வந்தார். அப்போதும் அமெரிக்கரான ஜிம் ராத்மனே வென்றார். அத்தோடு அப்பந்தயம் முடிந்தது. விருந்தினர் வந்து, வென்று, போய்விட்டனர். உள்ளூரார் அதைத் தமதென்று கொள்ளவில்லை.

இதே கதை மேலும் பல இடங்களில் நிகழ்ந்தது. 1966-இல் ஜப்பானின் ஃபுஜி மலையடிவாரத்தில் ஒரு காட்சிப் பந்தயம். 1971-இல் அர்ஜென்டினாவின் ரஃபேலா நகரில் ஒன்று. 1978-இல் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனிலும் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் ஒவ்வொன்று. ஒவ்வொரு முறையும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் மறு ஆண்டு அழைப்பு வரவில்லை.

வேர் பிடித்த இடங்கள் உண்டா? உண்டு. அவற்றைத்தான் நாம் உற்று நோக்க வேண்டும்.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ். 1991 முதல் 2008 வரை அங்கே பந்தயம் நடந்தது. கடற்கரையை ஒட்டிய தெருக்களையே அடைத்து ஓடுகளமாக்கினர். குயின்ஸ்லாந்து மாநில அரசு துணை நின்றது. ஊருக்கே அது ஆண்டுத் திருவிழாவாயிற்று. ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1993-இல், அமெரிக்கத் தொடருக்கு வந்த ஆங்கிலேயர் நைஜல் மான்செல் தம் முதல் பந்தயத்தை வென்றது இத்தெருக்களில்தான். 2008-க்குப் பின் எந்த மாதத்தில் நடத்துவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. அமெரிக்கக் கார்கள் நின்றன. ஆனால் திருவிழா நிற்கவில்லை. அதே தெருக்களில் ஆஸ்திரேலியரின் உள்நாட்டுக் கார்ப் பந்தயம் இன்றும் நடக்கிறது.

இரண்டாவது, ஜப்பானின் மொடெகி. ஹோண்டா கம்பெனி அமெரிக்கத் தொடருக்கு எஞ்சின் செய்து தருவது. தன் நாட்டு மக்கள் அதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று, அமெரிக்க மாதிரியிலேயே ஒரு வட்டப் பாதையைத் தன் செலவில் அமைத்தது. 1998 முதல் 2011 வரை அங்கே பந்தயம் நடந்தது. இத்தொடரில் ஒரு பெண் முதன்முதலாக வென்றது இண்டியானாவில் அன்று; 2008-இல் மொடெகியில்தான் டானிகா பேட்ரிக் அவ்வெற்றியைப் பெற்றார். 2011-இன் நிலநடுக்கம் அந்த வட்டப் பாதையைச் சிதைத்தது. அவ்வாண்டு அருகிலுள்ள வளைவுப் பாதையில் ஒருமுறை ஓடி விடைபெற்றனர்.

மூன்றாவது, பிரேசில். எமர்சன் ஃபிட்டிபால்டி என்னும் பிரேசில் வீரர் 1989-இலும் 1993-இலும் இண்டியானாபொலிஸில் வென்றவர். ரியோ நகரில் அவர் பெயரையே தாங்கிய வட்டப் பாதையில் 1996 முதல் 2000 வரை பந்தயம் நடந்தது. முதலாண்டே உள்நாட்டு வீரர் ஆந்த்ரே ரிபெய்ரோ வென்றார். பின்னர் 2010 முதல் 2013 வரை சாவோ பாவ்லோ நகரம் இடமளித்தது. அங்கே கார்னிவல் விழாவில் மக்கள் சம்பா நடனமாடிச் செல்லும் வீதியே ஓடுகளம். சிமெண்டுத் தளம் வழுக்கியதால், முதலாண்டு பந்தயத்துக்கு முன் அதைச் சொரசொரப்பாகச் செதுக்க நேர்ந்தது. அந்நியப் பந்தயம் ஒன்றுக்காகத் தம் விழா வீதியைத் திறந்துவிட்ட மக்களின் மனத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி, வேர் பிடியாத இடங்கள். 1996-இல் அமெரிக்கத் தொடரே உள்வழக்கால் இரண்டாகப் பிளந்தது. இண்டியானாபொலிஸ் களத்தை உடையவர்கள் ஒரு பக்கம். குழுக்களின் சங்கம் மறுபக்கம். சங்கத்தார் புதிய ரசிகர்களை நாடி ஐரோப்பா சென்றனர். 2001 செப்டம்பர் 15-ஆம் நாள் ஜெர்மனியின் லவுசிட்ஸ் களத்தில் பந்தயம். நான்கு நாள் முன்னர்தான் நியூயார்க்கில் பேரழிவு நிகழ்ந்திருந்தது. தாயகத்தின் துயரச் செய்தியோடு அந்நிய மண்ணில் நின்ற அவர்கள், பந்தயத்துக்கு நினைவஞ்சலிப் பெயரிட்டு ஓடினர். அன்று இத்தாலியரான அலெக்ஸ் ஸனார்டி விபத்தில் இரு கால்களையும் இழந்தார். மறு வாரம் இங்கிலாந்தின் ராக்கிங்ஹாம் களத்தில் தளத்தின் அடியிலிருந்து நீர் கசிந்து, பந்தயத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. 2003-இல் ஸனார்டி லவுசிட்ஸுக்குத் திரும்பி வந்து, கையால் இயக்கும் காரில், அன்று தாம் ஓடாமல் விட்ட 13 சுற்றுகளை ஓடி முடித்தார். அம்மனிதரின் உறுதி உலகை வென்றது; அத்தொடரின் நிதிநிலையோ அவ்வாண்டோடு முறிந்தது. புதிய உரிமையாளர் கையில் பிழைத்து, 2007-இல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஒவ்வொரு பந்தயம் நடத்தி, 2008-இல் அது மறுபக்கத்தாரோடு இணைந்தது.

அழைத்துவிட்டுக் கதவடைத்த ஊர்களும் உண்டு. 2007-இல் சீனாவின் ஜூஹாய், 2012-இல் அதே நாட்டின் சிங்தாவ், 2015-இல் பிரேசிலின் பிரசீலியா ஆகிய மூன்றும் அட்டவணையில் ஏறி, ஒரு சக்கரமும் சுழலாமல் இறங்கியவை. இவ்விளைவு அமெரிக்கத் தொடருக்கு மட்டும் உரியதன்று. தலைநகரத்தில் வாழும் நாம் நம் அருகிலேயே அதைக் கண்டோம். பெருஞ்செலவில் எழுந்த கிரேட்டர் நொய்டாக் களத்தில் 2011 முதல் 2013 வரை மூன்றே முறை ஃபார்முலா ஒன் ஓடியது. வரி வழக்கும் பணச்சிக்கலும் சூழ, அது போய்விட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. அழைக்கும் ஊரில் பந்தயத்தைத் தமதென்று சொல்வோர் இருந்தால் அது தங்குகிறது. மொடெகியில் தொழிற்சாலை இருந்தது. பிரேசிலில் வீரர் பரம்பரை இருந்தது. ஆஸ்திரேலியாவில் திருவிழா இருந்தது. ஒப்பந்தம் மட்டும் இருந்த இடத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் பந்தயமும் முடிந்தது. தங்கியவையும் என்றென்றைக்கும் தங்கவில்லை என்பது மெய். ஆயினும் பதினெட்டு ஆண்டு வாழ்வும் ஒருநாள் வாழ்வும் ஒன்றாகா.

எனவே நம் தீர்ப்பு இரு சாராருக்கும் நடுவே விழுகிறது. கடல் கடக்கலாம், ஆனால் உலக வரைபடத்தை விரித்து வைத்து, பணம் தருவோர் எவர் என்று தேடிப் போக வேண்டாம். ஓர் ஊரில் ஏற்கெனவே ஆர்வம் முளைத்திருக்கிறதா என்று பார்த்துப் போகட்டும். போனால் ஒருமுறை ஓடிவிட்டுத் திரும்பாமல், ஐந்தாண்டு, பத்தாண்டு பொறுத்து நிற்கட்டும். டொராண்டோவில் 1986-இல் தொடங்கியது, இடையில் சில ஆண்டுகள் தவறினாலும், ஒரு தலைமுறையைக் கடந்து நின்றது. 2026 முதல் அது அண்டை நகரான மார்க்கமுக்கு மாறும் என்று 2025-இல் அறிவித்தார்கள். மார்க்கம் நம் தமிழ் மக்கள், குறிப்பாக ஈழத்தமிழர், பெருந்தொகையாகக் குடியேறியுள்ள நகரம். அந்த வேலியோரம் நிற்கும் தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்கு அது அமெரிக்கப் பந்தயமாகத் தோன்றாது. தன் ஊர்ப் பந்தயமாகவே தோன்றும்.

நேயர்களே, சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு சேர்ப்பது நம் தொழில். சில சொற்கள் ஆணையில் மட்டும் வாழ்ந்து ஆணையோடு மறையும். சில, மக்கள் வாயில் புகுந்து அம்மொழிக்கே உரியவையாகும். ஆணை பிறப்பிப்பது எளிது. வாயில் புகுத்துவது நம் கையில் இல்லை. வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலான செய்தியும் அன்று. ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த விழாக்களுள் எது நிலைத்தது? நாம் மட்டும் கூடிக் கதவடைத்து நடத்தியதா, அண்டை வீட்டார் குழந்தைகளும் ஓடிவந்து பங்குகொண்டதா? விடையை ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் அறிவோம்.

நாற்றைப் பிடுங்கி நடுவது உழவர்க்குப் புதிதன்று. ஆனால் நடுமுன் வயலில் நீர் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். பந்தயம் நடத்துவோரும் அதையே பார்க்கட்டும்.