எட்டு அசைவுகள் போதும்



108 அசைவுகள் கொண்ட ஒரு பயிற்சியை, எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு, அதுவும் சில மாதங்களுக்குள் கற்றுக்கொடுக்க முடியுமா? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில், 1990-களின் தொடக்கத்தில், ஸ்டீவன் உல்ஃப் என்ற ஆய்வாளர் முன்னால் இந்தக் கேள்வி நின்றது. பயிற்சியின் பெயர் தாய் சி. சீனாவிலிருந்து வந்த, மிக மிக மெதுவாகச் செய்கிற ஒரு கலை. உல்ஃபும் அவருடன் இருந்தவர்களும் அந்த 108 அசைவுகளின் சாரத்தை எடுத்துப் பத்தாகச் சுருக்கினார்கள்.

அடுத்து, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய் சி. இன்னொரு குழுவுக்கு, கணினியோடு இணைத்த மேடையில் நின்று உடலைச் சமன் செய்யும் பயிற்சி. மூன்றாவது குழு உட்கார்ந்து பேசிக் கலைந்தது. 15 வாரம் இப்படி நடந்தது. 1996-இல் முடிவு வெளியானது. திரும்பத் திரும்பக் கீழே விழும் அபாயம் தாய் சி குழுவில் 47.5 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த மேடையில் நிற்கவைத்து அளந்து பார்த்தபோது, தள்ளாட்டம் குறைந்தது மேடைப் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான். தாய் சி செய்தவர்களின் அளவுகளில் பெரிய மாற்றமே இல்லை. ஆனால் விழுவது குறைந்தது அவர்களுக்கு. விழுந்துவிடுவோமோ என்ற பயம் குறைந்ததும் அவர்களுக்கு. ஆடாமல் நிற்பது வேறு, ஆடும்போது சமாளித்துக்கொள்வது வேறு. நாம் வீட்டில் விழுவது அசையாமல் நிற்கும்போதா? திரும்பும்போது, குனிந்து எடுக்கும்போது, படியில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்கும்போது.

தாய் சி பழக்குவது அந்தக் கணத்தைத்தான். உடல் எடை முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது. அது நிறைந்த கால். மற்றது வெற்றுக் கால். வெற்றுக் காலை மெல்ல எடுத்து வைத்து, பாதம் தரையில் பட்ட பிறகே எடையை அதற்கு மாற்ற வேண்டும். வேகமாக நடக்கையில் உடலின் உந்துவிசை நம்மை அடுத்த அடிக்குக் கொண்டுபோய்விடும். தசை பாதி வேலைதான் செய்யும். மெதுவாகச் செய்தால் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அங்குலத்தையும் தொடையும் இடுப்பும் கணுக்காலும் தாங்கியே ஆக வேண்டும். பார்க்கச் சாவகாசமாகத் தெரிகிற இந்தப் பயிற்சியைப் பத்து நிமிடம் செய்தவர்களுக்குத் தொடை நடுங்குவது இதனால்தான்.

பத்தாகச் சுருக்கியது மரபுக்குச் செய்த துரோகம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் மரபின் கதையைப் பாருங்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில் தாய் சி சண்டைக் கலையாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் அதை அங்கே கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய்க் கற்பித்தார். 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையமே யாங் மரபிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. இன்று உலகெங்கும் மிகுதியாகக் கற்பிக்கப்படும் வடிவங்களில் ஒன்று அது. ஆக, சுருக்குகிற வேலையைச் சீனர்களே செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓரிகனில் ஃபூஜொங் லீ என்ற ஆய்வாளர் இன்னும் இறங்கிவந்து எட்டு அசைவில் நின்றார். அவருடைய ஆய்வில் இருந்தவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள், அல்லது விழக்கூடிய நிலையில் இருந்தவர்கள், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேர். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 24 வாரம். 2018-இல் வெளியான முடிவின்படி, வெறுமனே கைகால்களை நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய் சி குழுவினர் விழுந்தது 58 சதவீதம் குறைவு. நடை, பலம், சமநிலை எல்லாம் கலந்த உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு.

இத்தோடு நிறுத்திவிட்டால் நான் தாய் சி விற்பனையாளன் ஆகிவிடுவேன். நியூசிலாந்தில் 684 முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. சிலர் வாரம் ஒரு முறை தாய் சி, சிலர் இரு முறை, மற்றவர்கள் எளிய உடற்பயிற்சி. 20 வாரம். மூன்று குழுவிலும் விழுவது குறைந்தது. ஏறக்குறைய ஒரே அளவில். தாய் சிக்கென்று தனிப் பெருமை எதுவும் கிடைக்கவில்லை. உல்ஃபே, உடல் தளர்ந்துகொண்டிருந்த 311 முதியவர்களிடம் 48 வாரம் தாய் சியைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார். முழு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால், விழுதல் குறைந்தது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நான்காம் மாதத்துக்குப் பிறகான கணக்கை மட்டும் எடுத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஆய்வுகளை நான் ஒரு பாடத்திட்டமாகவே படிக்கிறேன். எத்தனை அசைவு? எட்டோ பத்தோ. எத்தனை நாள்? வாரம் இரண்டு, மூன்று. எவ்வளவு காலம்? குறைந்தது நான்கு மாதம், ஆறு என்றால் நல்லது. ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று நிற்பவர்கள், தெரிவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள்.

மற்ற பயன்களையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் பாஸ்டனில் நடந்த ஆய்வில், 12 வாரத் தாய் சி, பிசியோதெரபிக்கு நிகரான வலி நிவாரணம் தந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, நீட்டல் பயிற்சியைவிடத் தாய் சியில் விழுதல் குறைந்தது; எடைப் பயிற்சியைவிடக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. புற்றுநோயைக் கரைக்கும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பிலிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். உடலுக்குள் ஓடும் சி என்ற ஆற்றலைப் பற்றி ஆசிரியர் பேசினால் மட்டும் சண்டை போட வேண்டாம். கவனத்தை உடலுக்குள் திருப்ப அந்தப் பேச்சு உதவினால் உதவட்டும். மேலே சொன்ன முடிவுகள் எதற்கும் அதை நம்பியாக வேண்டிய அவசியமில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? கால்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கைகள் அழகாக இருக்கும், கண்ணை இழுக்கும். ஆனால் வேலை நடப்பது கீழே. முதல் சில வாரம், கையெட்டும் தூரத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, எடையை இடம் மாற்றுவதை மட்டும் பழகினாலும் அது வீண் இல்லை. பாதங்களை ஒரே கோட்டில் வைக்காதீர்கள், இடுப்பகலம் இடைவெளி இருக்கட்டும். மடங்கிய முழங்கால், கால் விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். திரும்பும்போது எடை தாங்கிய காலை முறுக்கக் கூடாது; எடையை எடுத்துவிட்டு, பிறகு பாதத்தைத் திருப்ப வேண்டும். தாய் சி பழகுகிறவர்களுக்கு வரும் முழங்கால் வலிக்கு, இதைக் கவனிக்காததும் மிக ஆழமாகக் குந்துவதும் முக்கியக் காரணங்கள். ஆழம் பெருமைக்கு, கொஞ்சம் உயரமாக நின்றே செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், அது தன் போக்கில் போகட்டும். தலைச்சுற்றலோ அண்மையில் எலும்பு முறிவோ இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

காணொளி பார்த்துக் கற்கலாமா என்று கேட்பீர்கள். அசைவுகளின் வரிசையை நினைவில் வைக்க அது உதவும். உங்கள் முழங்கால் உள்ளே சாய்கிறது என்று அது சொல்லாது. ஆகவே தொடக்கத்திலாவது ஓர் ஆசிரியர் தேவை. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் எத்தனை அசைவு சொல்லித்தருவீர்கள்? முழங்கால் வலி உள்ளவருக்கு எதை மாற்றுவீர்கள்? ஒருவர் முன்னேறியிருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, இத்தனை நொடி ஒற்றைக் காலில் நிற்கிறார், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று பதில் வந்தால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள். அது போகப்போகத் தெரியும் என்று மட்டும் சொன்னால், ஒரு மாதக் கட்டணத்தை மட்டும் கட்டுங்கள்.