பாதிவழியில் பாய் சுருட்டியவர்கள்



திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் ஏறி நின்று எத்திசை நோக்கினும் கடல் தென்படாது. மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, இடையில் பூந்தோட்டமும் புன்செய்யுமாய்ப் பரந்த சமவெளி. இத்தகைய ஊரில் பாய்மரப் பயணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தும் என்பதற்குக் காற்றே சான்று. ஆடி மாதத்தில் நம் தெருப் புழுதியை வாரி இறைக்கும் மேல்காற்று அரபிக்கடலைத் தாண்டி வருவது. கேரளத்துச் சரிவுகளிலும் மலைமுடிகளிலும் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட மூச்சாக அது நம்மை அடைகிறது. அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்கச் செய்வதும் இக்காற்றே. பாய்மரத் தோணிகள் ஓடிய காலத்தில், தூத்துக்குடித் தோணிக்காரர்கள் இப்பருவத்தில் கடலோட்டத்தை நிறுத்திவைப்பது வழக்கம். அவர்களை அஞ்சியவர்கள் என்று எவரும் ஏசியதில்லை.

ஆனால் காற்று எப்பொழுதும் பருவம் பார்த்தா வருகிறது? பயணம் பாதியில் இருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது?

2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பிரான்சு நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து 18 பாய்ப்படகுகள் உலகைச் சுற்றப் புறப்பட்டன. படகுக்கு ஒருவர். எந்தத் துறைமுகத்திலும் தங்கலாகாது. 1968ஆம் ஆண்டில் மாலுமிகளிடம் இருந்த கருவிகளைக் கொண்டே கடலோட வேண்டும். அவ்வாண்டில் நடந்த முதற்போட்டியின் நினைவாக வகுத்த விதி அது. அப்போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் ஒருவரே பயணத்தை முடித்தார். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் கட்டப்பட்ட படகு. புதிய போட்டியில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, அதே அமைப்பில் கோவாவில் கட்டப்பட்ட ‘துரியா’ என்னும் படகில் சென்றார்.

செப்டம்பர் 21ஆம் நாள், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு மேற்கே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பெரும்புயல் ஒன்று அவரைப் பிடித்தது. படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. நடக்க இயலாமல் படுக்கையில் கிடந்தார். பழைய முறைப் போட்டியாயினும், ஆபத்தில் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை விதிகள் அனுமதித்திருந்தன. அதன் வழியே தம் நிலையைத் தெரிவித்தார்.

பின்னர் நடந்தது வியக்கத்தக்கது. ஆஸ்திரேலிய மீட்பு நிலையம் பணியை ஒருங்கிணைத்தது. மொரீஷியசிலிருந்து பறந்த இந்தியக் கடற்படை விமானம் அவருடைய படகைக் கண்டறிந்தது. அயர்லாந்து நாட்டுப் போட்டியாளர் கிரகர் மக்கின், அதே புயலில் தம் படகின் பாய்மரங்களையும் இழந்திருந்தும், ஒப்பேற்றிய பாயுடன் டோமியின் திசை நோக்கி நகர்ந்தார். செப்டம்பர் 24 அன்று ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் டோமியை ஏற்றிக்கொண்டது; பிறகு மக்கினையும் ஏற்றிக்கொண்டது. 18 பேரில் ஐவரே பந்தயத்தை முடித்தனர். டோமி அறுவை மருத்துவத்துக்குப் பின், 2022ஆம் ஆண்டுப் போட்டியில் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

இக்கதையில் டோமியின் வீரத்தை எல்லோரும் போற்றுவர், போற்றுதற்கு உரியதே. என் கருத்து அச்சிறு கருவியின்மேல் செல்கிறது. அது இல்லாதிருந்தால் அந்த வீரத்துக்கு யார் சாட்சி?

இதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 2017 நவம்பர் இறுதியில், குமரிக்கடலில் ஒக்கிப் புயல் எழுந்தது. தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாக வலுத்துவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலான கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூர்களின் மீனவர்கள் பல நாள் தங்கி ஆழ்கடலில் மீன்பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது அவர்களுட் பலர் அது எட்டாத தொலைவில் இருந்தனர். அலையின் குணம் அறியாதவர்களா அவர்கள்? திரும்பத் தெரியாதவர்களா? திரும்பு என்று சொல்லும் குரல் போய்ச் சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. போட்டிக்காகக் கடலேறிய ஒருவரிடம் இருந்த வசதி, பிழைப்புக்காகக் கடலேறிய இத்தனை பேரிடம் இல்லாமற்போனது பெருங்குறை என்றே சொல்வேன். பின்னர், 2019 அக்டோபரில், செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற உதவும் ‘ஜெமினி’ என்னும் கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. அது செய்தியைப் பெறும். படகிலிருந்து மறுமொழி அனுப்பாது.

வானொலியில் மீனவர்க்கான அறிவிப்பு வரும்போது, அது நமக்கன்று என்று நம் சமவெளி வீடுகளில் காதை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறோம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கடலுக்குச் செல்லாதீர் என்னும் எச்சரிக்கை பல நாள் முன்னரே கடலோரம் எங்கும் ஒலித்திருந்தது. காவிரிப் படுகையில் தென்னந்தோப்புகளைச் சாய்த்த புயல், வலுக் குறைந்தும் நிற்காமல், உள்நாட்டு மாவட்டங்களைக் கடந்து நம் பக்கம் வந்தது; கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் வீழ்ந்தன. பிறகு மலையைத் தாண்டிக் கேரளத்தின் வழியே அரபிக்கடலில் இறங்கியது. அங்கே, மேலைக் கடற்கரை மீனவர்க்கு அடுத்த எச்சரிக்கை தொடங்கியது.