கடலுக்குச் சிபாரிசு கிடையாது



'நட்பும் பொறியியலும்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு சின்னத் தீவை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு தீவு. கி.பி. 635-இல் எய்டன் என்ற துறவி மடம் நிறுவிய இடம். 793-இல் வைக்கிங்குகள் கொள்ளையடித்த இடமும் அதுதான். இன்று அங்கே குடியிருப்போர் இருநூறு பேருக்கும் குறைவு. 1954-இல் அதற்கு ஒரு சாலை போட்டார்கள். ஆனால் தினம் இரண்டு முறை கடல் ஏறி அந்தச் சாலையை மூடிவிடும். எப்போது கடக்கலாம் என்று அட்டவணை உண்டு. ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. பலத்த காற்றடித்தால் தண்ணீர் முன்னதாகவே வந்துவிடும். நடுவழியில் மாட்டிக்கொள்பவர்களுக்காகக் கால்கள் மேல் நிற்கும் ஒரு மரக்கூண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்!

ஒரு ஜனவரியில் இந்தக் கல்லூரியின் பழைய நண்பர்கள் நான்கு பேர் அந்தத் தீவைச் சுற்றி நடக்கப் போனோம். சிவில் நான். மற்றவர்களையும் துறை பெயராலேயே சொல்கிறேன், மானம் போகாது. காரை விட்டு இறங்குமுன் இரண்டு முடிவு செய்தோம். ஒன்று, கடிகாரம் எலெக்ட்ரிகல் கையில்; அவன் 'திரும்பு' என்றால் திரும்ப வேண்டும். இரண்டு, மெதுவாக நடப்பவன் வேகம்தான் எல்லோருக்கும்.

கவிழ்த்துப் போட்ட பழைய படகுகளையே கொட்டகையாக்கி வைத்திருக்கும் துறைமுகம், குன்றின் மேல் கோட்டை, பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் எல்லாம் பார்த்தோம். அந்தக் கோட்டையை வீடாக மாற்றி அமைத்தவர், நம் புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ். ஸ்வால்பார்டிலிருந்து குளிர்காலம் கழிக்க வந்த வாத்துகள் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று காதை அறுத்தது. வடகிழக்கு முனையில் கப்பல்களுக்கு அடையாளமாக நிற்கும் வெள்ளைப் பிரமிடை அடைந்தபோது, மெக்கானிக்கலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

எலெக்ட்ரிகல் மணியைப் பார்த்தான். "திரும்பலாம்டா."

கெமிக்கலுக்குக் கோபம். இந்த நடைக்காகவே சிங்கப்பூரிலிருந்து வந்தவன். "பாதி சுத்தியாச்சு. இவன் இங்கேயே உக்காரட்டும். நாம மூணு பேரும் வேகமா முடிச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போவோம்" என்றான்.

"அந்தக் காத்துல ஒத்தையா உக்கார்ற ஆளு நீயா இருந்தா?" என்று கேட்டான் எலெக்ட்ரிகல். அதற்குமேல் வாதமில்லை. கெமிக்கல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், மெக்கானிக்கலுக்குத் தோள் கொடுத்தவன் அவன்தான்.

நேரம் மிச்சமிருக்கவே சாலையைக் கடந்து, அக்கரையில் காரை நிறுத்திப் பார்த்தோம். அலை எதுவும் புரண்டு வரவில்லை. பாலத்தருகே தாழ்வான இடத்தில் சத்தமில்லாமல் தண்ணீர் கூடியது. தீவுப் பக்கம் சாலை காய்ந்தே தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து பார்ப்பவன் 'போயிடலாம்' என்றுதான் நினைப்பான். கொஞ்ச நேரத்தில் சாலையே இல்லை. கெமிக்கல் ஒன்றும் பேசாமல் பிளாஸ்கைத் திறந்து முதல் டீயை எலெக்ட்ரிகலுக்கு ஊற்றினான்.

மாணவ நண்பர்களே, நாளைக்கு நீங்கள் சைட்டில் நிற்பீர்கள். கான்கிரீட் போடும் நாளிலும், பாய்லரை ஏற்றும் நாளிலும், 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதை வேலை தொடங்குமுன் பேசி வையுங்கள். அவசரம் வந்தபின் பேசினால், குரல் பெரிசா உள்ளவன் சொல்வதுதான் நடக்கும். அந்த உரிமை இருப்பவன் 'நிறுத்து' என்றால், அன்றைக்கு அவன்மேல் கோபம் வரும். வரட்டும். கோபம் ஆறிவிடும்.

அந்தத் தீவில் எங்களுக்கு இன்னும் பாதிச் சுற்று பாக்கி. அதை முடிக்க நாலு பேரும் பாக்கியில்லாமல் இருக்கிறோம்.