வெள்ளிக் கோப்பை

தோழர்களே, சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் எழுதிய 'வெஸ்ட்வர்ட் ஹோ!' நாவலைப் பத்திப் பேசச் சொன்னாங்க. முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கில மாலுமிகளை வீரர்களாக நிறுத்துகிற கதை. டெவன் கடற்கரையில் ஒரு ஊருக்கே இந்த நாவலின் பெயரை வைத்துவிட்டார்கள்.

கதாநாயகனின் ஞானத்தகப்பன் ரிச்சர்ட் கிரென்வில். கிங்ஸ்லி கையில் அவர் பண்பின் சிகரம். சரி, வரலாற்றுக் கிரென்வில் என்ன செய்தார்? 1585 ஜூலை. இன்றைய வட கரோலினாக் கரையில் குடியேற்றம் வைக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை காணாமல் போனது. ஒரு கோப்பை! திரும்பி வரவில்லை என்றதும் ஆள் அனுப்பி அக்குவாஸ்கோகாக் ஊரையே கொளுத்தினார், மக்காச்சோளத்தையும் அழித்தார்கள். சனம் முன்னமே ஓடிவிட்டது. எழுதி வைத்தது கப்பல்காரர்களின் நாட்குறிப்புதான். ஒரே வரி.

ஜான் ஹாக்கின்ஸ் இன்னொரு வீரர். 1562இல் கிளம்பி, மேற்கு ஆப்பிரிக்காவில் சுமார் 300 பேரைப் பிடித்து ஹிஸ்பானியோலாவில் விற்றார். 1564 பயணத்துக்கு ராணியே கப்பல் கொடுத்தாள். கப்பலின் பெயர் 'ஜீசஸ்'! அவருடைய குலச்சின்னத்தில் கயிற்றால் கட்டிய ஒரு கறுப்பர் உருவம். இதையெல்லாம் மறைக்கக்கூட இல்லை, பாருங்க.

1584இல் மாண்டியோ, வான்சீஸ் என்ற இரண்டு பூர்வகுடிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மாண்டியோ வெள்ளையரோடு நின்றார். வான்சீஸ் ஊர் திரும்பியதும் விலகி, எதிர்த்து நின்றார். அங்கே அவர் என்ன பார்த்தார்? அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. நாவலுக்கு இடம் அங்கேதான் இருக்கு. மாணவத் தோழர்கள் யாராவது எழுதுங்க. கோப்பையைத் தேடி வந்த படகைக் கண்டு ஓடினவங்க பக்கத்திலிருந்து ஆரம்பிங்க.