சமுதாயமும் மாறுதலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியோர் பேரறிஞர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள். யானோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஆயினும் செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையை மீற இயலாமல், "சமுதாயமும் மாறுதலும்" என்னும் பொருள் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டிய சில கருத்துகளைக் கூறத் துணிந்தேன்.

முதற்கண் சமுதாயம் என்பது யாது என்று நோக்குவோம். பலர் ஓரிடத்தில் கூடியிருப்பதனாலேயே அது சமுதாயம் ஆகிவிடாது. ஒரே ரயில் பெட்டியில் எழுபது பேர் இரவு முழுவதும் சேர்ந்து பயணம் செய்கின்றனர். கட்டுச்சோற்றைக்கூடப் பகிர்ந்து உண்கின்றனர். பொழுது புலர்ந்ததும் அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டு பிரிந்து செல்கின்றனர். அவர்களைப் பயணிகள் என்போமேயன்றிச் சமுதாயம் என்று கூறோம். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் மற்றவர் அழைப்பின்றி வந்து நிற்பதும், ஒருவர் மகள் கல்யாணத்தில் மற்றவர் பந்தியில் பரிமாறுவதும், ஒருவர் பிள்ளை வழி தவறினால் மற்றவர் உரிமையோடு கண்டிப்பதும் எங்கே உண்டோ, அங்கே சமுதாயம் உண்டு.

1887-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்டு டோனிஸ் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பாலும் அண்டை வாழ்வாலும் தானே அமையும் உறவு ஒருவகை. ஒரு நோக்கம் கருதி மனிதர் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் உறவு மற்றொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் தெரு முதல் வகையைச் சேர்ந்தது. நம் சங்கம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தெருவுக்குப் பிறந்தால் போதும். சங்கத்துக்குச் சந்தா செலுத்த வேண்டும்! தெருவின் கட்டு தளரும்போது, அது செய்துவந்த பணிகளைச் சங்கம் ஏற்க வேண்டியதாகின்றது. இதனை மனத்திற் கொண்டு நம்முடைய கதையைப் பார்ப்போம்.

இன்று நாம் "திருவனந்தபுரத்துத் தமிழர்" என்று ஒரே பெயரால் நம்மைக் குறிப்பிடுகின்றோம். நம் முன்னோர் அவ்வாறு கூறிக்கொண்டனரா? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கம்போளத்தை வளர்த்தார். அந்தக் கடைத்தெருவை நாடித் தமிழ் வணிகரும் கைவினைஞரும் வந்தனர். கரமனையில் அக்கிரகாரம் அமைந்தது. ஒவ்வொரு சாதியாருக்கும் தனித்தெரு, தனிக்கோயில், தனிவழக்கம் இருந்தன. ஊர் கேட்டால் ஊரைச் சொன்னார்கள். குலம் கேட்டால் குலத்தைச் சொன்னார்கள். "நாங்கள் தமிழர்" என்று தனித்துக் கூற அவர்கட்குத் தேவை எழவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் திருவிதாங்கூர் குமரிமுனை வரை பரந்திருந்தது. திருவனந்தபுரத்துக்கு முன்னர்த் தலைநகராய் விளங்கிய பத்மநாபபுரமே தமிழ் வழங்கும் பகுதியில் உள்ளது. நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வழக்குக்கும் கல்லூரிக்கும் வைத்தியத்துக்கும் திருவனந்தபுரம் வந்தவர், தம் சொந்தத் தலைநகருக்கே வந்தார்.

1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழ்ப்பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிய போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பின்னர் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. அங்கிருந்தோர்க்கு அது வெற்றித் திருநாள். ஆரியசாலையிலும் கரமனையிலும் இருந்தோர்க்கோ? அக்டோபர் 31 இரவு அவர்கள் உறங்கிய வீட்டிலேயே மறுநாள் கண்விழித்தனர். கடையை வழக்கம்போல் திறந்தனர். ஆனால் அன்று முதல் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். அண்ணன் வாழும் நாகர்கோவில் ஒரு மாநிலம், தம்பி வாழும் ஆரியசாலை வேறு மாநிலம் என்றாயிற்று.

யாரும் இடம்பெயரவில்லை, ஆயினும் சமுதாயம் மாறிற்று. அதுவரை பல குலத்தாராய் இருந்தவர்களைத் தமிழர் என்னும் ஒரே பெயர் அன்றுதான் நெருக்கமாகப் பிணைத்தது என்பது என் கருத்து. எனவே, சமுதாயம் என்பது தொன்றுதொட்டு அப்படியே இருந்துவரும் கல் அன்று. சுற்றியுள்ள நிலைமைகள் அதற்கு வடிவம் கொடுக்கின்றன.

அவ்வாறாயின், சமுதாயம் என்பது காற்றடித்த பக்கம் சாயும் நாணல்தானா? அன்று. அது தானே எண்ணித் தன்னை மாற்றிக்கொள்ளவும் வல்லது. இதற்கும் நம்மவரிடையிலேயே சான்று உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் மொழியால் தமிழர்; எனினும் அவர்களுள் மருமக்கள்வழிச் சொத்துரிமை வழங்கிவந்தது. தந்தை தேடிய பொருள் பெற்ற மக்களுக்குச் செல்லாமல் உடன்பிறந்தாள் மக்களுக்குச் சென்றது. இதனால் குடும்பங்கள் வழக்குமன்ற வாயிலிலேயே காலத்தைக் கழித்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் இந்நிலையை எள்ளி நகையாடி "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" பாடினார். படித்தவர் சிரித்தனர், பின் சிந்தித்தனர். கூட்டங்கள் கூடின, வாதங்கள் நடந்தன. முடிவில் 1926-ஆம் ஆண்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. தலைமுறை தலைமுறையாய் வந்த வழக்கத்தை அச்சமுதாயம் தானே பேசி, தானே மாற்றிக்கொண்டது. கவிமணி அவர்கள் நம் நகரில், பெண்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் என்பது நமக்குப் பெருமை.

ஆக, நம்மைக் கேளாமல் வந்து சேரும் மாறுதல் ஒன்று. நாமே தேர்ந்துகொள்ளும் மாறுதல் மற்றொன்று. முன்னதைத் தடுக்க இயலாது. பின்னதைச் செய்யாதிருந்தால், முன்னது நம்மை அடித்துச் சென்றுவிடும்.

மாறுதலுக்கிடையிலும் நிலைத்திருப்பது எது? ஆண்டுதோறும் நவராத்திரிக்கு நம் ஆரியசாலை காண்கின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரசுவதி தேவி பத்மநாபபுரத்திலிருந்தும், முன்னுதித்த நங்கை சுசீந்திரத்திலிருந்தும், குமாரசுவாமி வேளிமலையிலிருந்தும் புறப்பட்டுக் களியக்காவிளை எல்லையைக் கடந்து இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். சரசுவதி தேவி கோட்டைக்குள்ளும், நங்கை செந்திட்டையிலும், குமாரசுவாமி நம் ஆரியசாலைக் கோயிலிலும் வீற்றிருப்பர். வழியனுப்புவது ஒரு மாநிலக் காவல்துறை. வரவேற்பது மற்றொரு மாநிலக் காவல்துறை. மன்னராட்சி மறைந்தது, மாநிலம் இரண்டாயிற்று, எனினும் வழி மூடவில்லை. ஆண்டுதோறும் அவ்வழியே நடப்பவர் இருப்பதனால் அது வழியாக இருக்கின்றது.

என் தொழிலிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தர அனுமதியுங்கள். கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மலையைக் குடைந்து வந்த அப்பாதை மீட்டர் பாதையாய் இருந்தது. பழைய தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டில் அது முழுவதும் அகலப் பாதை ஆயிற்று. அன்று ஓடிய எஞ்சினும் இல்லை, பெட்டியும் இல்லை. எனினும் செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைக்கும் வேலையை அது இன்றும் செய்கின்றது. ஆதலால் அதை அதே பாதை என்கிறோம். சமுதாயமும் அத்தகையதே. உடையும் உணவும் தொழிலும் மாறலாம். மனிதரை மனிதரோடும், மூத்தோரை இளையோரோடும் இணைக்கும் வேலை நடக்கின்றதா என்பதே கேள்வி.

இனி நம் வீட்டு நிலைமையை மனம்விட்டுப் பேசுவோம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தெருவில் மலையாளம் பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலம் படிக்கின்றனர். மலையாளம் நமக்குச் சோறு போடும் மொழி. அண்டை வீட்டாரின் அன்பு மொழி. அதை நன்கு கற்பது நம் கடமை. நம் தமிழில் மலையாளச் சொல் கலக்கின்றதே என்று சிலர் வருந்துகின்றனர். அதற்காக யான் அஞ்சவில்லை. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதரைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் அவர்களுக்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்நகரிலேயே பிறந்து "தலைமுறைகள்" நாவலில் இரணியல் செட்டிமாரின் வாழ்வையும் பேச்சையும் பதித்த நீல பத்மநாபன் அவர்களுக்கு 2007-இல் அவ்விருது கிடைத்தது. ஆலப்புழையில் பிறந்து, நம் நகரக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தின் பாடலையே 1970-இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. எல்லைக்கு இப்பால் பிறந்த பாட்டுக்கு அங்கே கோடிக்கணக்கானோர் எழுந்து நிற்கின்றனர்!

யான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இன்று அந்த வாழ்த்தை இம்மேடையில் இனிமையாகப் பாடிய குழந்தைகளுள் சிலர், அதை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படித்தனர். குழந்தைகளைக் குறை கூறேன்; அவர்கட்கு எழுத்தறிவிக்க வேண்டியவர் நாம். இவ்வாறே சென்றால் இன்னும் இருபது ஆண்டுகளில் இந்த மலரை அச்சிடுவோம், படிக்க ஆள் இராது. தாத்தா எழுதிய கடிதம் பேரனுக்கு வெறும் கோலமாகத் தோன்றும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களைச் சபை முன் வைக்கின்றேன். முதலாவது, ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் சங்க அறையில் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துவோம். எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் முறைவைத்துக் கற்பித்தால் செலவில்லை. என் முறையை முதல் மாதத்திலேயே ஏற்கின்றேன். தமிழறியாத மருமகள்களும் அவ்வகுப்பில் அமரட்டும். நம் குடும்பத்துக்கு வந்தவர் நம் சமுதாயத்தாரே.

இரண்டாவது, பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வரும் சுமை தூக்குவோரும் பூக்கட்டுவோரும் கட்டட வேலை செய்வோரும் நம் விழாப் பந்தலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்கின்றனர். அவர்களை உள்ளே அழைப்போம். சந்தா செலுத்த இயலாதவருக்கு அதைத் தளர்த்துவோம். நம் முன்னோரும் ஒரு நாள் இவ்வூருக்கு மூட்டையோடு வந்தவர்தாமே! குலம் பிரித்து நின்ற காலத்தைக் கடந்து தமிழர் என்று ஒன்றான நாம், வருமானம் பிரித்து நிற்கலாமா?

எல்லைக்கோட்டை யாரோ வரைந்தனர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நாமே நடத்தலாம்.  வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!